நெப்ராஸ்கா தகரப்பெட்டி: கடிதத்தில் இருக்கும் நிலம் பட்டாவில் இல்லை, வழி சொல்லுங்கள்

லிங்கன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் 86 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக வாழ்கிறார். கண் மங்கிவிட்டது. சென்ற குளிர்காலத்தில் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் சமையலறை மேசைமேல் வைத்தார். உள்ளே 41 கடிதங்கள், 1873 முதல் 1889 வரை. பேரப்பிள்ளைகளுக்குச் சேர்த்தெழுதும் பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாதாம். அன்றிலிருந்து சனிக்கிழமை மாலைதோறும் நான் படிக்கிறேன், அவர் கேட்கிறார். பிறகு தட்டச்சு செய்து வைக்கிறேன். பெயர்களைச் சொல்லாமல் இங்கே எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. பாட்டியின் பூட்டனார் 1873-ல் இல்லினாய்ஸிலிருந்து நெப்ராஸ்காவின் ஃபில்மோர் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) வந்தார். ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி அரசாங்கம் அவருக்கு 160 ஏக்கர் இலவசமாகக் கொடுத்தது. ஐந்து ஆண்டுகள் பாடுபட்டு அதைத் தன் பெயருக்கு ஆக்கிக்கொண்டார். பொது நில அலுவலகம் வழங்கிய பட்டாக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எத்தனை விதமாக எழுத்தை மாற்றித் தேடினாலும் அவர் பெயரில் ஒன்றும் வரவில்லை. கடிதங்களிலோ "கம்பெனிக்கு வட்டி கட்ட வேண்டும்" என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. இலவச நிலத்துக்கு என்ன வட்டி?

பெட்டியில் ஒரு வரி ரசீதும் இருக்கிறது. 23-ஆம் செக்‌ஷன், வடகிழக்குக் கால் பகுதி என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

சங்கிலிக்காரர்:

அம்மா, தமிழ்நாட்டில் நில அளவைத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அமெரிக்க அளவை முறையை வரைபடங்களின் வழியாகத்தான் கற்றேன். ஆனாலும் உங்கள் ரசீதில் இருக்கும் 23 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டத்திலிருந்து வந்த முறை இது. நாட்டைக் கட்டம் கட்டமாக அறுத்தார்கள். ஒரு டவுன்ஷிப் என்பது ஆறு மைலுக்கு ஆறு மைல். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். அதில் கால் பகுதிதான் எல்லோரும் சொல்லும் 160 ஏக்கர். எண்ணிடும் முறையை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். அடுத்த வரிசையில் 7 கீழே இறங்கிக் கிழக்கே 12 வரை வரும். ஏர் ஓட்டுகிறவர் வரப்போரம் மாட்டைத் திருப்பி அடுத்த உழவுச் சால் ஓட்டுவது போலவே போய், தென்கிழக்கு மூலையில் 36-ல் முடியும்.

16-ம் 36-ம் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியவை. இருப்புப்பாதைக்கு மானியம் கொடுத்த பகுதிகளில் ஒற்றைப்படை எண் கொண்ட செக்‌ஷன்கள் ரயில்வே கம்பெனிக்குப் போயின. இரட்டைப்படை அரசாங்கத்திடம் தங்கியது. சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்தான். 23 ஒற்றைப்படை. அந்த இடத்துக்கு அருகில் ரயில் பாதை போகிறதா என்று பாருங்கள். போனால் பூட்டனாருக்கு அரசாங்கம் பட்டா கொடுத்திருக்காது. கம்பெனிக்குக் கொடுத்திருக்கும்; அவர் கம்பெனியிடம் விலைக்கு வாங்கியிருப்பார். உங்கள் வட்டிக்கும் அதுவே காரணம்.

ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல ஆசை. அவர்கள் அளந்தது கன்ட்டர் சங்கிலியால். 66 அடி, 100 கண்ணிகள் (லிங்க்ஸ்). 80 சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் பழைய புலப்படங்களில் லிங்க்ஸ் கணக்கு இருக்கிறதே, அதுவும் இதே சங்கிலிதான். ஏக்கரில் நூறில் ஒரு பங்கான நம் சென்ட், ஆயிரம் சதுர லிங்க்ஸ். நான் கையில் பிடித்த அளவும் அந்தப் புல்வெளியை அறுத்த அளவும் ஒன்று என்று முதன்முதலில் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

கரிசல்காடு:

ஐயா, கேட்கவே வியப்பாக இருக்கிறது. ரயில் விடுகிறவனுக்கு ஏன் இவ்வளவு நிலம்? குடியானவனுக்கு ஒரு கட்டம், கம்பெனிக்கு ஒரு கட்டம் என்றால் இலவசம் என்பது எங்கே இருக்கிறது?

பழந்தாள்:

நல்ல கேள்வி. நான் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். அமெரிக்கக் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உதவிய அனுபவம் உண்டு.

பாதை போடப் பணமாகக் கொடுக்காமல் நிலமாகக் கொடுத்தார்கள். கம்பெனி அதை விற்றுச் செலவை ஈடுகட்ட வேண்டும். விற்க வேண்டுமானால் ஆள் வர வேண்டும். ஆகவே அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலும் ஐரோப்பாவிலும் விளம்பரம் செய்தார்கள். தெற்கு நெப்ராஸ்காவில் இதைச் செய்தது பர்லிங்டன் கம்பெனி. 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு மானியம் கிடைத்தது. லிங்கன்வாசி, உங்கள் ஊரிலிருந்து மேற்கே போகும் பாதையின் நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மவுன்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லண்ட், ஜூனியாட்டா, கெனிசா, லோவெல். ஆங்கில அகரவரிசைப்படியே பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் தானாக முளைத்தபின் பெயர் வரவில்லை. கம்பெனி அலுவலகத்தில் பெயர் எழுதியபின் ஊர் வந்தது. எக்ஸெட்டர், ஃபேர்மவுன்ட், கிராஃப்டன் மூன்றும் ஃபில்மோர் கவுண்டிக்குள் இருப்பவை. எனவே சங்கிலிக்காரர் ஐயா சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

பர்லிங்டன் பத்தாண்டுத் தவணைக்கு, ஆறு சதவீத வட்டிக்கு நிலம் விற்றது. அந்தக் கம்பெனியின் பழைய ஆவணங்கள் சிகாகோவில் நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் முதலில் கவுண்டியின் தலைநகரான ஜெனீவாவில் பத்திரப் பதிவேட்டைப் பாருங்கள். நம் மொழியில் சொன்னால், பட்டா தேடுவதை நிறுத்திவிட்டு வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும்.

கரிசல்காடு அவர்களுக்கு: இலவசம் என்பது முழுப் பொய்யுமல்ல. 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கருக்குச் சுமார் 18 டாலர் கட்டணம்தான். ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, பயிர் செய்து, இரண்டு சாட்சிகளை நிறுத்தி நிரூபிக்க வேண்டும். ஆனால் ரயில்வே எல்லைக்குள் இருந்த இரட்டைப்படைக் கட்டங்களில் 1879 வரை பொதுவாக 80 ஏக்கர்தான் கொடுத்தார்கள். உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் சண்டையிட்டவர்களுக்கு மட்டும் முழு 160.

லிங்கன்வாசி:

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது? நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் போய்வந்தேன். பதிவேட்டில் இருக்கிறது. 23-ஆம் செக்‌ஷன் வடகிழக்குக் கால் பகுதி, விற்றவர் ரயில்வே கம்பெனி, வாங்கியவர் பூட்டனார். இலவச நிலம் இல்லை. 1873-ல் ஒப்பந்தம்; பத்திரம் கைக்கு வந்ததோ 1885-ல். பத்தாண்டுத் தவணை என்றால் 1883-ல் முடிந்திருக்க வேண்டும்.

பாட்டியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அந்த வெட்டுக்கிளிக் கடிதத்தை மறுபடி படி" என்றார். 1874 ஆகஸ்டில் பூட்டனார் தாய்க்கு எழுதியது. ஜூலைக் கடைசியில் மேற்கே மேகம் போல எழுந்து வந்தது, நண்பகலில் வெயில் மங்கியது, மூன்று நாளில் மக்காச்சோளம் தட்டைகூட மிஞ்சவில்லை, வெங்காயத்தை மண்ணுக்குள் குடைந்து தின்றுவிட்டுத் தோலை விட்டுப் போயிற்று, மண்வெட்டியின் கைப்பிடியைக்கூட உப்பு வேர்வைக்காக அரித்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். கடைசி வரியில், இந்த ஆண்டு கம்பெனிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்கிறார். சென்ற மாதம் படித்தபோது அந்த வரி எனக்கு வெறும் வரியாகத்தான் தெரிந்தது.

இப்போது வேறொரு சிக்கல். பூட்டனாருக்குத் திருமணமாகாத அக்கா ஒருவர் இருந்தார். 41 கடிதங்களில் 17 அவர் எழுதியவை. தேதியில்லாத ஒரு கடிதத்தில், மழை விட்டதும் என் இடத்துக்குப் போய்ப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்கிறார். என் இடம் என்றால்? தம்பி வீட்டில்தானே இருந்தார்? அந்தத் தாளைப் படிப்பதே பெரும்பாடு. எழுதி முடித்தபின் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதியிருக்கிறார். மை பழுப்பாகிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் ஒரு திசை வரிகள் மற்றொன்றிலிருந்து பிரிகின்றன. உறையில் மூன்று சென்ட் தபால்தலை.

பழந்தாள்:

நீங்கள் தேட வேண்டியது அந்த அக்காவின் பெயரை. குடும்பப் பெயரோடு சேர்த்துப் போட்டு, 23-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும் இரட்டைப்படைக் கட்டங்களில் தேடுங்கள்.

ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 21 வயது நிரம்பிய தனிப் பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே நிலம் கேட்கலாம். கணவனோடு வாழும் பெண் பொதுவாகக் கேட்க முடியாது. 1886-ல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்று உங்கள் மாநில வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. கிரிஸ்மன் சகோதரிகள் நால்வர், மண்வீட்டின் முன் சேணம் பூட்டிய குதிரைகளோடு நிற்பார்கள். அவர்களிலும் தம் பெயரில் நிலம் கேட்டவர்கள் உண்டு. இப்படிப்பட்ட பெண்கள் அபூர்வமல்ல. குடும்பக் கதைகளில்தான் மறைந்துபோனார்கள்.

தேதியில்லாக் கடிதத்துக்கு மூன்று சென்ட் தலை உதவும். 1883 அக்டோபர் 1 அன்று கடிதக் கட்டணம் மூன்று சென்ட்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஆகவே உறை அதற்கு முந்தையது. ஆனால் உறையும் கடிதமும் ஒன்றுக்கொன்று சொந்தம்தானா என்று பாருங்கள். மடிப்புக் கோடு உறையின் அளவுக்குப் பொருந்த வேண்டும். பிற்காலத்தில் யாரோ அடுக்கி வைக்கும்போது மாற்றிச் செருகியிருக்கலாம். நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. நெப்ராஸ்காவிலிருந்து எழுதிய கடிதங்கள் நெப்ராஸ்காப் பெட்டியில் எப்படி வந்தன?

லிங்கன்வாசி:

தாய் இல்லினாய்ஸில் 1891-ல் காலமானார். அவர் கட்டி வைத்திருந்ததை மகனுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தாய் எழுதிய பதில்கள் இரண்டே இரண்டுதான் இருக்கின்றன.

பழந்தாள்:

அப்படித்தான் ஆகும். கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடம் தங்குகிறது. மண்வீட்டுக்கு வந்த கடிதங்கள் கூரை ஒழுகியும் எலி கடித்தும் போயிருக்கும். இல்லினாய்ஸ் வீட்டு அலமாரிக்குப் போனவை பிழைத்தன. ஆகவே நீங்கள் படிப்பது பாதிப் பேச்சு. அதிலும் தாய்க்கு எழுதியது. மகன் தாயிடம் எதைச் சொல்வான், எதை மறைப்பான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அதே ஃபில்மோர் கவுண்டியில் யூரையா ஆப்ளிங்கர் என்பவர் 1872-ல் இண்டியானாவிலிருந்து வந்து குடியேறினார். அந்தக் குடும்பத்தின் கடிதங்கள் சுமார் 3,000 பக்கங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் படிக்கலாம். அவர் மனைவி மேட்டி 1873 ஜூனில் எழுதிய கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். மண்வீட்டில் இருப்பதால் கஷ்டப்படுகிறோம் என்று நினைப்பீர்கள், ஆனால் இவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்ததே இல்லை என்கிறார். காரணமும் சொல்கிறார்: போடுகிற ஒவ்வொரு அடியும் எங்களுக்கே, பாதி இன்னொருவருக்கு அல்ல. வாரத்துக்கு உழுது பாதியை அளந்து கொடுத்தவர்களுக்குத்தான் அந்த வரி முழுதாகப் புரியும். அந்த மேட்டி 1880-ல் பிரசவத்தில் இறந்துபோனார்.

பிளாட்கரை:

இழை முழுவதையும் படித்தேன். நானும் நெப்ராஸ்காவில்தான் இருக்கிறேன். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். அரசாங்கம் கொடுத்ததா, கம்பெனி விற்றதா என்று ஆராய்கிறீர்கள். அரசாங்கத்துக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லையே?

பிளாட் நதிக்குத் தெற்கே இருந்தது பானி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1833 ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுத்தார்கள். 1857-ல் வடக்கேயும் விட்டுக்கொடுத்து, லூப் நதிக்கரையில் ஒரு துண்டில் ஒதுங்கினார்கள். 1870-களில் அங்கிருந்தும் புறப்பட்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. உங்கள் பூட்டனார் இல்லினாய்ஸிலிருந்து வந்து இறங்கிய அதே ஆண்டுகளில் அவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். லிங்கனுக்குத் தெற்கே பியாட்ரிஸ் அருகில் டேனியல் ஃப்ரீமன் நிலம் இப்போது தேசியப் பூங்காவாக இருக்கிறது. சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே மனுப் போட்டவர் அவர். அதே கவுண்டியின் தெற்குப் பகுதியில்தான் ஓட்டோ-மிசௌரியா மக்களின் ஒதுக்கிடம் இருந்தது. அவர்களையும் 1881-ல் அனுப்பிவிட்டார்கள். அவர்களிடம் பட்டாவும் இல்லை, தாய்க்கு எழுதிய கடிதமும் இல்லை. ஆகவே தகரப்பெட்டியில் அவர்கள் வர மாட்டார்கள்.

லிங்கன்வாசி:

நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் பெட்டியில் அவர்கள் வருகிறார்கள். ஒரே ஒரு இடத்தில். 1874 இளவேனில் கடிதத்தில், உழும்போது கல் அம்புமுனைகள் கிடைக்கின்றன, பிள்ளைகள் விளையாட எடுத்து வைத்திருக்கிறேன் என்று பூட்டனார் எழுதுகிறார். அவ்வளவுதான். யாருடையவை என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் தட்டச்சு செய்த பிரதியில் அந்த இடத்தில் நீங்கள் சொன்ன ஆண்டுகளைக் குறிப்பாகச் சேர்க்கிறேன். பாட்டியிடமும் படித்துக் காட்டினேன். சேர்க்கத்தான் வேண்டும் என்றார்.

சங்கிலிக்காரர்:

பிளாட்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முதலில் அளக்க வந்தவர்களின் களக்குறிப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. மண் எப்படி, ஓடை எங்கே குறுக்கிடுகிறது, எத்தனை கண்ணி அகலம், பழைய தடம் எங்கே போகிறது என்று எழுதியிருப்பார்கள். மரம் இருக்கும் இடத்தில் மரத்தில் வெட்டி அடையாளம் வைப்பார்கள். மரமே இல்லாத புல்வெளியில் குழி வெட்டி, மண்மேடு எழுப்பி, கரியோ கருக்கிய முளையோ புதைப்பார்கள். கரி மக்காது. நம் எல்லைக் கல்லின் அடியில் கரி போட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கும் அதே யோசனை.

உங்கள் டவுன்ஷிப்பின் குறிப்பைப் பாருங்கள் அம்மா. ஏர் படுவதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது என்று நேரில் பார்த்தவர் எழுதியது அது. கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

லிங்கன்வாசி:

கிடைத்துவிட்டது! பட்டா கிடைத்துவிட்டது!

14-ஆம் செக்‌ஷன், தென்கிழக்குக் கால் பகுதியின் தெற்குப் பாதி. 80 ஏக்கர். அக்காவின் பெயரில்! ஐயா சொன்னபடி தாளில் கட்டம் போட்டேன். 14 சரியாக 23-க்குத் தலைமேல் உட்காருகிறது. தம்பி நிலத்தின் வடக்கு வரப்பே அக்கா நிலத்தின் தெற்கு வரப்பு. மனு 1878-ல் போட்டிருக்கிறார், அதனால்தான் 80 ஏக்கர்.

தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த மனுவின் கோப்பும் கிடைத்தது. நெப்ராஸ்காவின் கோப்புகளை மின்வருடல் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். 19 பக்கங்கள். 1884-ல் ஜெனீவாவில் சாட்சியம் எடுத்திருக்கிறார்கள். அச்சிட்ட கேள்விகளுக்கு அருகில் பேனாவால் பதில். வீடு: மண் சுவர், 12 அடிக்கு 14 அடி, ஒரு கதவு, ஒரு ஜன்னல். கிணறு இல்லை. உழுத நிலம் 34 ஏக்கர். கோழிக்கூண்டு ஒன்று. மரம் எத்தனை என்ற இடத்தில் முதலில் 200 என்று எழுதி அடித்துவிட்டு, உயிரோடு இருப்பவை 60 என்று திருத்தியிருக்கிறார்கள். அந்த அடித்தலை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1880 ஏப்ரல் கடிதத்தில் அக்கா எழுதுகிறார்: காட்டன்வுட் மரக் கன்றுகள் 200 நட்டேன், ஒவ்வொன்றுக்கும் தம்பி கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கிறேன். கிணறு இல்லை என்று கோப்பு சொன்னதற்கும் வாளியில் சுமந்ததற்கும் நடுவில் செத்துப்போன 140 கன்றுகள் இருக்கின்றன.

கோப்பில் முழுப் பெயரில் கையெழுத்து. கடிதங்களில் எப்போதும் செல்லப் பெயர்தான். அக்கா கையெழுத்திட்ட அந்த முழுப் பெயரைப் பாட்டி இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

ஆனால் மனத்தை உறுத்தும் ஒன்று இருக்கிறது. இடைவிடாமல் குடியிருந்தீர்களா என்ற கேள்விக்கு, ஆம் என்று பதில் சொல்லியிருக்கிறார். சாட்சிகளும் ஆம் என்கிறார்கள். கடிதங்களின்படி மூன்று குளிர்காலங்களில் பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து, அங்கேயே தங்கியிருந்தார்.

கரிசல்காடு:

அப்படியானால் சத்தியம் செய்து பொய் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் நிலம் பெற எல்லோரும் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் மறைக்காமல் எழுதுங்கள். நம் ஊரில் அடங்கலில் எழுதிய பயிர் ஒன்று, வயலில் நின்ற பயிர் ஒன்று என்று நானே பார்த்திருக்கிறேன். தாளில் இருப்பதால் உண்மையாகிவிடாது.

பழந்தாள்:

எழுத வேண்டும் என்பதில் எனக்கும் ஒப்புதல். பொய் என்பதில் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தைக் கைவிட்டால்தான் உரிமை போகும் என்று சட்டமே சொல்கிறது. குளிர்காலப் பள்ளித் தவணை மூன்று நான்கு மாதம். அடுப்பும் கட்டிலும் கோழியும் அங்கே இருக்க, கூலிக்காகச் சில மாதம் வெளியே போய்வருவதைக் குடியிருப்பு முறிந்ததாக நில அலுவலகம் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. விதையும் விறகும் வாங்கப் பணம் வேண்டும். அதைச் சம்பாதிக்கப் போவதையே குற்றமாக்கினால் ஏழை எவரும் நிரூபித்திருக்க முடியாது.

ஆனால் அந்த அச்சம் உண்மையானது. கைவிட்டுப் போய்விட்டார் என்று யார் வேண்டுமானாலும் நில அலுவலகத்தில் எதிர்மனு கொடுக்கலாம். மழை விட்டதும் போய்ப் படுக்க வேண்டும் என்று அவர் எழுதியது அதற்காகத்தான். கோப்பை மட்டும் படித்தால் உறுதியான பெண் தெரிவார். கடிதத்தை மட்டும் படித்தால் காரணம் புரியாத பதற்றம் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் இருட்டில் பன்னிரண்டு மைல் வந்து குளிர்ந்த அடுப்பைப் பற்றவைத்தவர் நமக்குக் கிடைத்தார்.

பட்டா ஆண்டு என்ன? அதற்குப் பின் அந்த 80 ஏக்கர் என்னவாயிற்று? அடமானப் பதிவேட்டைத் தவறாமல் பாருங்கள். பத்திரப் பதிவேடும் அடமானப் பதிவேடும் தனித்தனிப் புத்தகங்களாக இருக்கும்.

லிங்கன்வாசி:

பட்டா 1885 தொடக்கத்தில். இன்று மறுபடி ஜெனீவாவுக்குப் போனேன். கனமான தோல் அட்டைப் புத்தகம். இரண்டு கையாலும் தூக்கித்தான் வைக்க வேண்டும்.

பட்டா வந்து ஐந்தாவது வாரத்தில் அக்கா தம் 80 ஏக்கரை 350 டாலருக்கு அடமானம் வைத்திருக்கிறார். அடுத்த பதினெட்டு நாளில் பூட்டனாருக்கு ரயில்வே கம்பெனியின் பத்திரம் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டு தேதிகளையும் என் குறிப்பேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். வண்டியில் வந்து உட்கார்ந்து, உடனே கிளம்ப முடியாமல் இருந்தேன். 1885 மார்ச் கடிதம் நினைவுக்கு வந்தது. பூட்டனார் தாய்க்கு எழுதுகிறார்: கம்பெனிக் கடன்பத்திரம் தீர்ந்துவிட்டது, கவலை வேண்டாம், கடவுள் வழிவிட்டார். எப்படித் தீர்ந்தது என்று ஒரு சொல்கூட இல்லை. அதே வாரம் அக்காவும் எழுதியிருக்கிறார். கோழிகள் முட்டையிடத் தொடங்கின, பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, காலணி மாற்ற வேண்டும். நிலத்தைப் பற்றி எதுவுமே இல்லை.

அந்த அடமானத்தை மீட்டது 1889-ல். அதே ஆண்டு தம்பிக்கு அந்த 80 ஏக்கரை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

சங்கிலிக்காரர்:

அம்மா, நூறாண்டுக்கு முந்தைய எத்தனையோ பத்திரங்களைக் கையில் வைத்து எல்லை காட்டியிருக்கிறேன். அக்காள் தங்கைகள் ஒப்பிக் கொடுத்ததாக எழுதியிருப்பவற்றின் பின்னால் என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. எங்களுக்கு எல்லை சரியாக இருந்தால் போதும். இன்று மனம் கனத்துவிட்டது.

அவர் மனம் ஒப்பிக் கொடுத்தாரா?

லிங்கன்வாசி:

அதைச் சொல்லும் தாள் பெட்டியில் இல்லை ஐயா. 1889-க்குப் பின் கடிதமே இல்லை.

பழந்தாள்:

1890-ல் அவர் எங்கே, யார் வீட்டில் இருந்தார் என்று தேடி ஏமாறாதீர்கள். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பாலும் பாழாயின. நெருப்பில் தப்பியவற்றைத் தண்ணீர் கெடுத்தது, எஞ்சியதையும் பிறகு அழித்துவிட்டார்கள். இந்தத் தலைமுறையை ஆராய்கிறவர்களுக்கு நிலப் பதிவும் கடிதமும் உயிர்நாடியாக இருப்பது இதனால்தான். ஆனால் நெப்ராஸ்காவுக்கு ஒரு நற்பேறு: 1885-ல் ஒரு மாநிலக் கணக்கெடுப்பு நடந்தது, அந்தத் தாள்கள் இருக்கின்றன. அடமானம் வைத்த அதே ஆண்டு. வீடு வீடாக எழுதியிருப்பார்கள். பிறகு 1900-க்குத் தாவுங்கள். கோப்பில் வரும் சாட்சிகளின் பெயரையும் தேடுங்கள். சாட்சி என்பவர் பெரும்பாலும் அடுத்த நிலத்துக்காரர். அவர் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம்.

லிங்கன்வாசி:

1885 தாளைப் பார்த்துவிட்டேன். பூட்டனார், மனைவி, மூன்று பிள்ளைகள். அடுத்த வரியில் தனி வீடாக, தனி எண்ணோடு, ஒரே ஒரு பெயர். அக்கா. வயது 39. தொழில் என்ற இடத்தில், ஆசிரியை என்றுதான் இருக்கும் என நினைத்தேன். விவசாயி என்று இருக்கிறது.

பாட்டி ஒரு வேலை கொடுத்திருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பண்ணைப் படத்தின் பின்புறம், அரசாங்கம் பூட்டனாருக்குக் கொடுத்த நிலம் என்று அவர் அப்பா எழுதி வைத்திருக்கிறார். அதை அழிக்க வேண்டாம், கீழே இன்னொரு தாளில் அக்காவின் முழுப் பெயரையும், 14-ஆம் செக்‌ஷன் என்பதையும், 80 ஏக்கர் என்பதையும் எழுதி ஒட்டு என்றார். அமிலம் இல்லாத தாளும் பசையும் எங்கே வாங்குவது என்று பழந்தாள் சொன்னால் இந்தச் சனிக்கிழமையே செய்துவிடுவேன். சாட்சிகளில் ஒருவரின் குடும்பம் இன்னமும் எக்ஸெட்டர் பக்கம் இருப்பதாகப் பாட்டி சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசப்போகிறோம்.

பழந்தாள்:

பசையே வேண்டாம். படத்தின் மீது எதையும் ஒட்டாதீர்கள். காப்பகத் தரத் தாளில் பென்சிலால் எழுதி, சட்டத்தின் பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவில் தளர்வாக வையுங்கள். கடிதங்களை மடிப்பு நீக்கித் தட்டையாக உறைகளில் போடுங்கள். தகரப்பெட்டி ஈரம் கோக்கும்; அதிலிருந்து எடுத்துவிடுங்கள். குறுக்கே எழுதிய அந்தக் கடிதத்தை மட்டும் முதலில் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கும்.